வாயை மூடிக்கொண்டு நிற்கும் வேலை

"நீளம் 8 செ.மீ., அகலம் 4 செ.மீ. பரப்பளவு காண்க." கரும்பலகையில் இப்படி எழுதினால் போதும், சாக்பீஸைக் கீழே வைப்பதற்குள் "32" என்று வகுப்பே கத்தும். யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். இரண்டு எண் கண்ணில் பட்டது, பெருக்கியாயிற்று.

ஒருநாள் அதையே திருப்பிப் போட்டேன். "சுற்றளவு 24 செ.மீ. உள்ள செவ்வகங்கள் என்னென்ன? எதற்குப் பரப்பளவு அதிகம்?"

முதல் ஐந்து நிமிடம், "சார், எந்த ஃபார்முலா?" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன், இதைவிடக் கஷ்டமான வேலை எனக்கு வாய்த்ததில்லை. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே அளந்து சொல்லிவிட்டார். நானும் அந்த ஒரு விநாடி ஆசாமிதான்.

அப்புறம் ஒரு மாணவி 11, 1 என்று எழுதினாள். பக்கத்திலிருந்தவன் 10, 2 என்றான். பரப்பளவு 11, 20, 27, 32, 35 என்று ஏறிக்கொண்டே போய், 6, 6-ல் சண்டை மூண்டது. "அது சதுரம், செவ்வகத்துல சேராது!" "நாலு மூலையும் செங்கோணம்தானே, ஏன் சேராது?" செவ்வகத்தின் வரையறையை எத்தனையோ தடவை எழுதிப் போட்டிருக்கிறேன். அவர்களுக்கு அது தேவைப்பட்டது அன்றைக்குத்தான். அதற்குள் இன்னொருத்தி, "சார், 9, 7, 5, 3, 1-னு கூடுது" என்றாள். சத்தியமாக நான் அதைக் கவனித்திருக்கவில்லை.

1980களில் அமெரிக்காவில் 13 வயதுப் பிள்ளைகளிடம் கேட்ட கணக்கு ஒன்று உண்டு: 1128 வீரர்கள், ஒரு பேருந்தில் 36 பேர், எத்தனை பேருந்து வேண்டும்? பத்தில் ஏழு பேர் வகுத்தலைச் சரியாகத்தான் செய்தார்கள். 32 என்று பதில் சொன்னவர்கள் நாலில் ஒரு பங்குகூட இல்லை. பலருடைய விடை "31, மீதி 12". அந்தப் பன்னிரண்டு பேர் நடந்தா போவார்கள்?

எல்லா பீரியடையும் இப்படி நடத்தலாம் என்று சொல்ல வரவில்லை. வாய்ப்பாடு வராதவன் இந்தச் செவ்வகக் கணக்கிலும் பாதியில் நின்றுவிடுவான். போர்ஷன் வேறு கழுத்தைப் பிடிக்கும். ஆனால் வாரத்துக்கு ஒன்றாவது, குறிப்பு எதுவும் கொடுக்காமல்?

மறுநாள் காலையில் முதல் ஆளாக ஒருவன் ரஃப் நோட்டோடு வந்து நின்றான். "சார், அதே 24-ஐ வட்டமா வளைச்சா 45-க்கு மேல வருது."