மாலை நடை பிபியை ஏற்றிவிடாது

"எடை கூடுதலாக இருந்து பிபியும் உள்ளவர்கள் மாலையில் நடந்தால் பிபி ஏறும், தூக்கமும் போய்விடும்" என்று சொல்வது தவறுங்க. நடக்கும்போது பிபியின் மேல் அளவு (இரண்டு எண்களில் பெரியது) ஏறுவது இயல்பு. நடையை நிறுத்திய பிறகு பலருக்குச் சில மணி நேரம் வழக்கத்தைவிடக் குறைவாகவே இருக்கும். வியர்வை காயும் முன்னே கருவியைக் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் பயப்படுகிறார்கள். அரை மணி கழித்து, முதுகைச் சாய்த்து 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பாருங்கள்.

தூக்கத்தைக் கெடுக்கக்கூடியது, படுப்பதற்கு 1 மணி நேரத்துக்குள் மூச்சிரைக்கச் செய்யும் கடும் பயிற்சி. 10 மணிக்குப் படுப்பவர் 8 மணிக்குள் 30 நிமிட வேக நடையை முடிக்கலாம், வாரம் 5 நாள். நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

பலத்த குறட்டை, நடுவே மூச்சு நின்று திணறல், காலைத் தலைவலி இருந்தால் மட்டும் நடையோடு விட்டுவிடாதீர்கள். தூக்கப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.