அந்தச் சுவர் காலியா இல்ல

ஆன்லைன்ல ஃபர்னிச்சர் தேடுனவங்க கண்ணுல இந்த டேபிள் கண்டிப்பா பட்டிருக்கும். மேல வட்டமா ஒரு கண்ணாடித் தட்டு, சுத்தி குரோம் பைப், ஒரு பக்கம் மட்டும்தான் கால், உயரத்தை ஏத்தி இறக்கிக்கலாம். நான் பாத்த முக்கால்வாசி பக்கத்துல இதை யோசிச்சவங்க பேரே இல்ல. ஐலீன் கிரே. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆளு, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

1878ல அயர்லாந்துல பொறந்தவங்க. 1902ல ஓவியம் படிக்க பாரீஸ் போனாங்க, பிறகு அதுவே ஊராயிடுச்சு. அங்க சுகவாராங்கற ஜப்பான்காரர்கிட்ட லாக்கர் வேலை, அதாவது மரத்துமேல ஒரு மரப்பாலைப் பூசி பளபளன்னு மெருகேத்துற வேலை, கத்துக்கிட்டாங்க. ஒரு கோட்டு பூசி, ஈரமான ரூம்ல காயவச்சு, தேய்ச்சு, மறுபடி பூசி, மாசக்கணக்குல இழுக்கிற வேலை அது. ரெண்டு பேருமே அந்த ஊருக்கு வெளிநாட்டுக்காரங்க. 1922ல சொந்தமா கடை திறந்தப்ப அதுக்கு வச்ச பேரு ழான் தெசேர், அப்படி ஒரு ஆம்பளையே கிடையாது. ஒரு பொம்பள சொந்தப் பேர்ல கடை நடத்துறதுக்கு அன்னைக்கு இருந்த நிலைமை அப்படின்னுதான் எனக்குப் படுது.

கட்டடக்கலை எந்தக் காலேஜ்லயும் படிக்கல. ஆனா அம்பது வயசை நெருங்கும்போது, 1926லேருந்து 29க்குள்ள, தெற்கு பிரான்ஸ்ல ரோக்ப்ரூன்ங்கற இடத்துல கடலைப் பாத்த பாறைச் சரிவுல ஒரு வீடு கட்டினாங்க. பேரு ஈ-1027. ஈ ஐலீன், மத்தது இங்கிலீஷ் எழுத்து வரிசை எண், 10 ஜே, 2 பி, 7 ஜி, அதாவது அவங்க பேருக்கு நடுவுல நண்பர் ழான் படோவிச்சி. அவரு ருமேனியாவுலேருந்து வந்த ஆர்க்கிடெக்ட், வீடும் அவருக்காகத்தான்.

உள்ள போனா வாசல்லயே "மெதுவா உள்ள வாங்க"ன்னு சுவத்துல எழுதியிருக்கு. அலமாரி டிராயர்ல என்னென்ன இருக்குன்னு அது மேலயே எழுத்து. கப்பு வச்சா சத்தம் வரக்கூடாதுன்னு டேபிள் மேல கார்க். பிடரியையும் பாத்துக்கிற மாதிரி பெரிய கண்ணாடியோட சேந்த ஒரு குட்டிக் கண்ணாடி. அந்தப் பக்கத்துப் பொம்பளைங்க வெயில் காலத்துல வெளிய சமைப்பாங்கன்னு கவனிச்சு, அடுப்படியைத் திறந்துவிடுற மாதிரி அமைச்சிருக்காங்க. வெளியிலேருந்து வந்தவங்க அந்த ஊரு அடுப்படியை இவ்ளோ உன்னிப்பா பாத்திருக்காங்க, எனக்கு இதுதான் பெரிய விஷயம். வீடு ஒரு மெஷின்னு அன்னைக்கு எல்லாரும் பேசிட்டிருந்தப்ப இவங்க அதை ஒத்துக்கல, மனுஷன் உடம்புக்கும் மனசுக்கும் மேல ஒரு ஓடு மாதிரிதான் வீட்டைப் பாத்தாங்க.

அப்புறம் நடந்ததை நினைச்சா இன்னைக்கும் கோவம் வருது. 1938லயும் 39லயும் அங்க விருந்தாளியா வந்து தங்கின லெ கார்பூசியர், ஆமா நம்ம சண்டிகரை வடிவமைச்ச அதே பெரியவர், அந்தச் சுவர்கள்ல பெருசு பெருசா கலர் ஓவியம் வரைஞ்சு விட்டுட்டார். ஐலீன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. வீடு படோவிச்சி பேர்ல இருந்துச்சு, அவரு சம்மதிச்சாரு, ஓவியமும் பெரிய கலைஞனோடதுதானேன்னு சிலர் சொல்றாங்க. நானும் அவரை மதிக்கிறவன்தான், ஆனா இதை ஏத்துக்க முடியல. வெயில் எந்நேரம் எங்க விழும், படுத்தா கண்ணு எங்க போகும்னு எல்லாம் யோசிச்சுதான் ஐலீன் அந்தச் சுவரை அப்படி வெறுமையா விட்டிருக்காங்க, அது யாரோ வந்து நிரப்பறதுக்காகக் காத்துக்கிட்டிருந்த இடம் இல்ல. இதுல ரொம்ப வருஷத்துக்கு வீடே ஆம்பளைங்க கட்டினதுன்னு ஜனங்க நம்பிக்கிட்டிருந்தாங்க வேற.

ரெண்டாம் உலகப் போர்ல சிப்பாய்ங்க உள்ள தங்கி சுவத்துல சுட்டாங்க, பிறகு பாழாக் கிடந்துச்சு, இப்ப புதுப்பிச்சு ஜனங்க போய்ப் பாக்குறாங்க. ஐலீன் 98 வயசு வரைக்கும் இருந்தாங்க, 1976ல பாரீஸ்ல இறந்தாங்க.

அந்த டேபிள் கதையைச் சொல்லாம விட்டுட்டேன். அவங்க அக்காவுக்கு கட்டில்லயே உக்காந்து காலைச் சாப்பாடு சாப்பிடப் பிடிக்குமாம். அதான் அடியில இருக்கிற வளையம் கட்டிலுக்குக் கீழ போயிடும், கண்ணாடித் தட்டு நேரா மடிக்கு மேல வந்து நிக்கும்.