உப்பேறிய கிணற்றை ஓயாமல் இறைக்க வேண்டாம்

"கடல்நீர் புகுந்த கிணற்றை நாலைந்து தடவை வற்ற இறைத்து, குளோரின் போட்டால் தண்ணீர் பழையபடி ஆகிவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சேறு போகும், கிருமி சாகும். உப்பு போகாது, கூடவும் செய்யலாம்.

2004 சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்புக் கரையோரத்தில் இதைத்தான் செய்தார்கள். பம்பு வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தும் உவர்ப்பு இறங்கவில்லை. அந்த மணல் நிலத்தில் நன்னீர், தன்னைவிடக் கனமான உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. நன்னீர் மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், அடியிலிருக்கும் உவர்நீர் 40 அடி வரை எழ இடமுண்டு (ஏட்டுக் கணக்கு இது, மணலுக்குள் அது நடக்க நாளெடுக்கும்). இறைத்ததைக் கிணற்றடியிலேயே கொட்டினால் திரும்ப உள்ளேதான் இறங்கும். கடைசியில் உப்பைக் கழுவியது பெரும்பாலும் மழைதான்.

சேறு அள்ள ஒருமுறை, மெதுவாக இறையுங்கள். உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டலும் அளவுமீறி இறைக்க வேண்டாம் என்றே சொல்கிறது. கொதிக்க வைப்பதும் உப்புக்கு மருந்தல்ல. நீர் ஆவியாக ஆக, உவர்ப்பு ஏறும். கிணறு தேறும்வரை குடிக்கவும் சமைக்கவும் பவுசர் (தாங்கி லொறி) தண்ணீரோ, சேமித்த மழைநீரோதான்.