மச்சான் மோதிரமும் நிஃப்டி ஃபண்டும்

மாமா: கவிதா, 50 பெரிய கம்பெனிப் பங்கோட குறியீடு நிஃப்டி இருக்கே, அதோட இண்டெக்ஸ் ஃபண்டு ரெண்டு பாத்து வெச்சிருக்கேன். ஒண்ணு யூனிட் 10 ரூபா, இன்னொண்ணு 250. பத்து ரூபாதானே மலிவு?

கவிதா: 10,000 போட்டா இதுல 1,000 யூனிட், அதுல 40 யூனிட். நிஃப்டி 10 சதவீதம் ஏறினா ரெண்டுமே ஏறக்குறைய 11,000 தான் மாமா. என்ஏவியை, அதான் யூனிட் விலையை விடுங்க, ஃபண்டு வருஷா வருஷம் நம்ம பணத்துல எடுத்துக்கற செலவு விகிதத்தைப் பாருங்க. அப்புறம் டிராக்கிங் டிஃபரன்ஸ். டிவிடெண்டையும் சேர்த்த நிஃப்டியைவிட ஃபண்டு வருஷத்துக்கு எவ்வளவு பின்தங்குதுன்னு அதுல தெரியும்.

மாமா: மேனேஜர் என்னம்மா பண்ணுவார்?

கவிதா: 50 கம்பெனியும் நிஃப்டியில எந்த விகிதத்துல இருக்கோ அப்படியே வாங்கி வெச்சுட்டு சும்மா இருக்கணும். மார்ச், செப்டம்பர் கடைசியில பட்டியல் மாறினா இவரும் மாத்துவார். சொந்த யோசனையே கூடாது.

மாமா: முப்பது வருஷம் ஆபீஸ்ல நானும் அதைத்தானே பண்ணேன்! எனக்கு மெமோ குடுத்தாங்க.

கவிதா: ஏற்கெனவே 5 லட்சம் இருக்கே, அது ரெகுலரா டைரக்டா?

மாமா: ரெகுலர்தான். மாசம் தவறாம கட்டறேனே!

கவிதா: அய்யோ மாமா, ரெகுலர்னா ஏஜென்ட் கமிஷன் சேர்ந்தது. ஸ்டேட்மென்ட்டைக் காட்டுங்க... இதோ, 0.7 சதவீதம். இதே ஃபண்டு டைரக்ட்ல 0.2. வருஷம் 2,500 ரூபா வித்தியாசம். பணம் வளர வளர அதுவும் வளரும்.

மாமா: எனக்கு பில்லே வரலையே?

கவிதா: வராது. தினமும் என்ஏவி போடறதுக்கு முன்னாடியே துளித்துளியா கழிச்சுடுவாங்க. ஏஜென்ட் யாரு?

மாமா: உங்க அத்தையோட தம்பி. கல்யாணத்துல கால் பவுன் மோதிரம் போட்டான். அதைத் தவணையில வசூல் பண்றானா! இப்பவே எல்லாத்தையும் டைரக்டுக்கு மாத்து.

கவிதா: அவசரப்படாதீங்க. மாத்தினா வித்து வாங்கின கணக்கு. ஒரு வருஷம் ஆகாத யூனிட்டுக்கு லாபத்துல 20 சதவீதம் வரி. ஒரு வருஷம் தாண்டினதுக்கு, நிதியாண்டுல 1.25 லட்சம் லாபம் வரைக்கும் வரி இல்ல, அதுக்கு மேல 12.5. உங்க மொத்த லாபமே 90,000 தான். ஒரு வருஷம் தாண்டின யூனிட்டை மட்டும் இப்ப மாத்துங்க. மாசா மாசம் கட்டற பழைய எஸ்ஐபியை நிறுத்திட்டு, ஃபண்டு கம்பெனி சைட்டுலயே புதுசு போடுங்க. டைரக்ட், அதுலயும் லாபத்தைப் பிரிச்சுக் குடுக்காம ஃபண்டுலயே வளர விடற குரோத். ஏஜென்ட் கோடு கேக்கற கட்டத்தைக் காலியா விடணும், நிரப்பினா மறுபடி ரெகுலர்தான்.

மாமா: நிறுத்தினா அவனுக்குத் தெரியுமா?

கவிதா: அவர் ரிப்போர்ட்ல வந்துடும்.

மாமா: அப்ப தீபாவளி முடியட்டும்.

கவிதா: எதுக்கு மாமா?

மாமா: பட்டு வேட்டி எடுத்து வெச்சிருக்கானாம்.