கிளெய்ம் ஃபார்மைக் குப்பையில் போடாதீர்கள்
"தனியார் பார்க்கிங் அபராதம்தானே, கண்டுகொள்ளாதீர்கள்" என்று ஒரு கட்டுரை யோசனை சொல்கிறது. இங்கிலாந்தில் கவுண்டி கோர்ட் கிளெய்ம் ஃபார்ம், அதாவது பணம் கேட்டு உங்கள் மேல் வழக்குப் போட்டிருப்பதாகச் சொல்லும் சிவில் நீதிமன்றப் படிவம், வந்த பிறகு அது ஆபத்தான யோசனை. 14 நாளுக்குள் ‘கிடைத்தது, எதிர்க்கிறேன்’ என்று ஆன்லைனில் பதிந்தால், எதிர்வாதம் கொடுக்க மொத்தம் 28 நாள் வரை அவகாசம் உண்டு. சும்மா இருந்தால் ஒருதலைப்பட்சத் தீர்ப்புதான். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் அது 6 வருஷம் கிரெடிட் ரிப்போர்ட்டில் உட்கார்ந்திருக்கும். வீட்டுக்கடன் கேட்கப் போகும்போது தெரியும் அதன் அருமை!

தொகை அநியாயம் என்று மட்டும் வாதாடினால் எடுபடுவது கஷ்டம். 2015-ல் பீவிஸ் என்ற வாகன ஓட்டிக்கும் ஒரு தனியார் பார்க்கிங் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் 85 பவுண்ட் அபராதம் செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. முதலில் நோட்டீஸ் தேதியைப் பாருங்கள். கண்ணாடியில் சீட்டு ஒட்டாமல் கேமராவில் பிடித்திருந்தால், நிறுத்திய மறுநாளிலிருந்து 14 நாளுக்குள் நோட்டீஸ் வந்து சேர்ந்திருக்க வேண்டும். தவறினால், ஓட்டியது யாரென்று தெரியாத வரை, அபராதத்தை வண்டியின் பொறுப்பாளரிடம் கேட்க வழிசெய்யும் 2012 சட்டத்தை வைத்து, வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர் தலையில் கட்ட முடியாது. ‘வசூல் செலவு’ என்று மேலே ஏற்றும் 70 பவுண்டையும் விடாமல் எதிர்த்து எழுதுங்கள்.