கேட்டது மூன்று வருஷம், இருப்பது ஒன்றரை

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி மகள் ஒரு வேலை விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு வரி. "நல்ல வேலைக்கா. நமக்குத்தான் தகுதி இல்ல."

சென்னை ஓஎம்ஆரில் ஒரு கம்பெனி, சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. மூன்று வருஷ அனுபவம் கேட்டிருந்தார்கள், அவளுக்கு ஒன்றரை. பி.இ. அல்லது எம்.சி.ஏ. என்று போட்டிருந்தது, அவள் விருதுநகரில் பி.எஸ்சி. கணிதம் படித்தவள். செலினியம் என்ற, டெஸ்டிங்கைத் தானாக ஓடவைக்கும் டூலைக் கேட்டிருந்தார்கள், தினமும் அதில்தான் வேலை செய்கிறாள். ஏபிஐ டெஸ்டிங்கும், அதாவது மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் இணைப்பைச் சோதிப்பதும், தெரியும். நிறையப் பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் தாங்குமா என்று பார்க்கும் பெர்ஃபாமன்ஸ் டெஸ்டிங் தெரியாது. இவ்வளவு பொருந்தியும் விண்ணப்பிக்கவில்லை. எனக்கு மனசு ஆறவே இல்லை. போனில் அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். இப்படிச் சத்தமில்லாமல் ஒதுங்கிப்போகிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன்.

எட்டு வருஷமாக இன்டர்வியூ பேனலில் உட்காருகிறேன். அந்த விளம்பரம், அதாவது ஜேடி, எப்படித் தயாராகிறது தெரியுமா? டீமில் ஒருவர் பேப்பர் போடுகிறார், அதாவது ராஜினாமா செய்கிறார். ஆறு வருஷம் இருந்தவர். அவர் கடைசி நாளில் என்னென்ன செய்துகொண்டிருந்தாரோ அத்தனையையும் மேனேஜர் எழுதிக்கொடுக்கிறார். சேர்ந்த நாளில் அவருக்கே அதில் பாதி தெரியாது. அடுத்த பிராஜெக்டுக்குத் தேவைப்படலாம் என்று இன்னும் இரண்டு டூல் சேர்கிறது. படிப்பு விவரத்தைப் பழைய விளம்பரத்திலிருந்து எடுத்து ஹெச்ஆர் ஒட்டுகிறார். அந்த "3 முதல் 5 வருஷம்" என்பது பெரும்பாலும் சம்பளத்துக்கு ஒதுக்கிய பணத்தின் கணக்கு. பேனலில் நாங்கள் பேசும்போது, இது இல்லாமல் முடியாது என்று கடைசியில் நிற்பது இரண்டு அல்லது மூன்று விஷயம்தான். அவள் விஷயத்தில் அது செலினியமும் ஏபிஐயும்.

ஃபாஸ்ட்ஏபிஐ என்ற மென்பொருளை உருவாக்கியவர் செபாஸ்டியன் ராமிரெஸ். 2020இல் அவர் ட்விட்டரில் எழுதினார்: ஒரு வேலைக்கு ஃபாஸ்ட்ஏபிஐயில் நான்கு வருஷத்துக்கு மேல் அனுபவம் கேட்கிறார்கள், நான் அதை உருவாக்கியே ஒன்றரை வருஷம்தான் ஆகிறது, என்னால் விண்ணப்பிக்க முடியாது என்று. எழுதும்போது யாரும் சரிபார்க்காத ஒரு எண்ணைப் படித்துவிட்டு நம் பிள்ளைகள் தங்களைத் தாங்களே கழித்துக்கொள்கிறார்கள்.

பெண்களுக்குத் தன்னம்பிக்கை குறைவு, அதனால்தான் விண்ணப்பிப்பதில்லை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. அமெரிக்காவில் டாரா மோர் என்பவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களையும் பெண்களையும் கேட்டு 2014இல் எழுதினார். இரு தரப்பும் அதிகமாகச் சொன்ன காரணம் ஒன்றுதான்: கேட்ட தகுதி இல்லை, எப்படியும் எடுக்க மாட்டார்கள், எதற்கு நேரத்தை வீணாக்குவது. அதாவது விளம்பரத்தை விதி என்று நம்பியிருக்கிறார்கள்.

நம் ஊரில் அப்படி நம்பாமல் எப்படி இருக்க முடியும்? கேம்பஸ் இன்டர்வியூ என்றால் பத்தாவதில் 60, பன்னிரண்டாவதில் 60, டிகிரியில் 60, அரியர் இருக்கக் கூடாது. 59 என்றால் உள்ளேயே விட மாட்டார்கள். டிஎன்பிஎஸ்சி என்றால் அறிவிப்பில் சொன்ன தகுதி சொன்ன தேதியில் கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பரீட்சையில் ஜெயித்தும் சான்றிதழ் சரிபார்ப்பில் போய்விடும். அங்கே அது சரி, சட்டம். நர்ஸ், பார்மசிஸ்ட், கனரக வாகன ஓட்டுநர் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் பதினைந்து வயதிலிருந்து இதையே பார்த்து வளர்ந்தவர்கள், தனியார் கம்பெனி விளம்பரத்தையும் அதே கண்ணால் படிக்கிறார்கள். வீட்டில் இந்த உலகத்தைப் பார்த்த ஆள் யாரும் இல்லாத முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இன்னும் அதிகமாக.

எனக்கும் பி.எஸ்சி.தான். 2012இல், நான்கு வருஷம் கேட்ட இடங்களுக்கு இரண்டு வருஷத்தை வைத்துக்கொண்டு அனுப்பினேன். ஐந்து இடத்தில் பதிலே இல்லை. ஆறாவது இடத்தில் உட்காரவைத்து, டிகிரியைப் பார்த்ததும் ரெஸ்யூமைத் திருப்பிக் கொடுத்தார்கள். மத்திய கைலாஷ் வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். ஏழாவது இடத்தில் எடுத்தார்கள். வலிக்காது என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஃபேக் எக்ஸ்பீரியன்ஸ். ஒன்றரையை மூன்றாக்கித் தருகிறோம் என்று பணம் வாங்குகிற கன்சல்டன்சிகள் இருக்கின்றன. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். ஒவ்வொரு ஊழியருக்கும் இருக்கிற பிஎஃப் எண்ணான யுஏஎன்னை வைத்து எங்கே, எத்தனை மாதம் வேலை செய்தீர்கள் என்று பார்த்துவிடுகிறார்கள். சேர்ந்து ஏழாவது மாதம் அப்படி வெளியே போன ஒரு பையனை எனக்குத் தெரியும், நன்றாகவே வேலை செய்தவன். உள்ளதைச் சொல்லிக் கேட்டிருந்தால் எடுத்திருப்போம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

உள்ளதைச் சொல்லிக் கேட்பது எப்படி என்றால் ராமானுஜன் நினைவுக்கு வருகிறார். எஃப்.ஏ.வில், அதாவது பட்டப்படிப்புக்கு முந்தைய கல்லூரித் தேர்வில், தவறியவர். 1912 பிப்ரவரியில் மெட்ராஸ் போர்ட் டிரஸ்டுக்கு எழுதிய விண்ணப்பத்தில், மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்து மேலே தொடர முடியாமல் போனதையும் முதலில் சொல்லிவிடுகிறார். அடுத்து, முழு நேரமும் கணிதத்தில் உழைத்துவருவதை. அதன்பின், இந்த வேலையைச் சரியாகச் செய்வேன் என்ற உறுதியை. மாதம் 30 ரூபாய்க்கு கிளார்க் வேலை கிடைத்தது. மறு வருஷம் ஜனவரியில் கேம்பிரிட்ஜில் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதியபோதும் அதே வரிசை: போர்ட் டிரஸ்ட் கிளார்க், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, இதோ என் கணக்குகள். அதற்கு முன் அங்கே இரண்டு பேராசிரியர்களிடமிருந்து உதவி கிடைக்கவில்லை. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமே இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. அந்த மூளை நமக்கு வராது. அந்தக் கடிதத்தின் வரிசை வரும்.

நேற்று இரவு தங்கை எழுதியதை எனக்கு அனுப்பினாள். ஏழு வரி. பெர்ஃபாமன்ஸ் டெஸ்டிங் இதுவரை செய்ததில்லை என்பதைக் கடைசியில் தயங்கித் தயங்கி வைத்திருந்தாள். மேலே கொண்டுவரச் சொன்னேன். அப்புறம், இப்போது செய்யும் பிராஜெக்டில் அவள் எழுதிய ஸ்கிரிப்டால் இரண்டு நாள் வேலை நான்கு மணி நேரமாகக் குறைந்ததை அடுத்த வரியாகச் சேர்த்தாள். அதை எழுத வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

நௌக்ரி என்ற வேலைவாய்ப்பு இணையதளம் வழியாக மட்டும் அனுப்பினால், மூன்று வருஷம் என்று ஹெச்ஆர் தேடும்போது அவள் பெயரே திரையில் வராமல் போகலாம். அதனால் ரெஃபரல், அதாவது கம்பெனிக்குள் இருக்கும் ஒருவரின் பரிந்துரை, வேண்டும். ஓஎம்ஆர் பக்கம் டெஸ்டிங் டீமில் இருப்பவர்கள் யாராவது உதவ முடிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். அவளுக்கு மட்டும் கேட்கவில்லை, இதே நிலையில் இன்னும் நான்கு பேருடைய ரெஸ்யூம் என்னிடம் இருக்கிறது.