வெஸ்ட்வில் யாருடைய கிளையும் அல்ல

"நேட்டால் பல்கலைக்கழகம் இடம் போதாமல் கட்டிய கிளைதான் வெஸ்ட்வில், விரிவாக்கத் திட்டத்தில் அதை ஹோவர்டு காலேஜோடு சேர்த்துவிடலாம்" என்று, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் இந்த இரண்டு வளாகங்களைப் பற்றி மேலே எழுதியிருக்கிறீர்கள், அண்ணா. சேர்ப்பது உங்கள் கருத்து, சரி. ஆனால் வரலாறு அப்படி இல்லை.

நிறவெறி ஆட்சியில் 1959-இல் வந்த சட்டம் உயர்கல்வியை இனவாரியாகப் பிரித்தது. இந்தியர்களுக்கென்று 1961-இல் டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில், கடற்படையின் பழைய கட்டடங்களில் ஒரு கல்லூரி திறந்தார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் படகேறிப் போய்ப் படித்த இடம் அது. எதிர்ப்பாக மாணவர் பேரவையே வேண்டாம் என்று ஒதுங்கியவர்களும் அவர்கள்தான். அந்தக் கல்லூரிதான் 1970-களின் தொடக்கத்தில் வெஸ்ட்வில் குன்றுக்கு மாறி, டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் ஆனது. ஹோவர்டு காலேஜ் வளாகத்தை வைத்திருந்த நேட்டால் பல்கலைக்கழகத்தோடு அது இணைந்து குவாசுலு-நேட்டால் ஆனது 2004 ஜனவரி 1-இல்தான்.

இரண்டு வளாகத்திலும் தனித்தனி மைய நூலகம், தனித்தனி நிர்வாகக் கட்டடம் இருப்பது அதனால்தான். யாரும் திட்டமிட்டு விரித்ததல்ல, பிரித்துவைத்ததன் மிச்சம். அப்புறம், வெஸ்ட்வில்லில் "காலி இடம் நிறைய" என்றீர்களே, அதில் பெரும்பகுதி பாதுகாக்கப்பட்ட பசுமைப் பகுதி. சரிவும் அதிகம். விடுதி கட்டுவதற்கு அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.